ரோடு பைக்குக்குப் புது பிரேக் கட்டை: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயர், செயின், கிராங்க் என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட பிரேக் கட்டை என்றால் "ஏதோ ஒன்று போடுங்கள்" என்று கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பைக் என்று இங்கே சொல்வது சைக்கிளைத்தான். சக்கரத்தின் உலோக அல்லது கார்பன் வளையமான ரிம்மைப் பிடிக்கும் ரப்பரைக் கட்டை என்றும், சக்கரத்தோடு சுழலும் தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கில் இருப்பதை பேட் என்றும் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரேக் சரியில்லை என்று புலம்பும் பலருக்கும் தேவைப்படுவது விலை கூடிய பிராண்ட் அல்ல. அவர்களுடைய ரிம்முக்கு ஏற்ற கட்டையும், அதை ஒழுங்காக மாட்டப் பொறுமையாக ஒரு அரைமணி நேரமும் இருந்தால் போதும்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

ரிம் பிரேக் கட்டையில் குறுக்காக வெட்டிய பள்ளங்கள் இருக்கும். அவை மறைந்து முகம் வழவழப்பாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பள்ளம் மிச்சமிருந்தாலும் மூன்று நான்கு வருடப் பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கலாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம்கூட அமுங்காமல் கல் மாதிரி இருந்தால் அது பிடிக்காது, கத்தத்தான் செய்யும்.

டிஸ்க் பேட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரிம் பிரேக்கில் கட்டை தேயத் தேய லிவர் கைப்பிடியை நோக்கி வரும், கையே சொல்லிவிடும். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்கில் பேட் தேய்ந்த அளவுக்கு, அதைத் தள்ளும் பிஸ்டன் தானாக முன்னே வந்துவிடுவதால் லிவரில் பெரிய மாற்றம் தெரியாது. கடைசியில் இரும்போடு இரும்பு உரசும் 'கர்ர்' சத்தம் கேட்கும்போது பேட் மட்டுமல்ல, டிஸ்க்கும் கெட்டிருக்கும். உராயும் பகுதி 0.5 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றச் சொல்கிறது பிரேக் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனம். பின்னால் உள்ள தகட்டையும் சேர்த்து 3 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றச் சொல்கிறது ஸ்ராம். வீட்டில் அளக்க ஒரு வழி: ஏடிஎம் கார்டின் தடிமன் ஏறக்குறைய 0.76 மி.மீ. உராயும் பகுதி அந்த அளவுக்கு வந்துவிட்டால் புதுசை ஆர்டர் போட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ரிம் பிரேக் என்றால் இரண்டு விஷயம். ரிம் அலுமினியமா கார்பனா? கட்டை ஒரே வார்ப்பா, அல்லது உலோகக் கூட்டுக்குள் ரப்பர் மட்டும் நழுவி வெளியே வரும் வகையா? டிஸ்க் என்றால் கேலிப்பரின் (கட்டையையோ பேடையோ தாங்கி அழுத்தும் கவ்வி) மாடல் எண்ணும், டிஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதும்.

பழைய கட்டையைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவது எல்லாவற்றையும்விட நல்லது. டிஸ்க் பேட்களில் பார்வைக்கு ஒன்றுபோல இருந்து கேலிப்பருக்குள் போகாத வடிவங்கள் ஏராளம். ஏவிட் பிபி5, பிபி7 என்ற டிஸ்க் பிரேக் மாடல்கள் இரண்டும் அண்ணன் தம்பிகள்தான், ஆனால் ஒன்றின் பேட் மற்றதில் சேராது. "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று கடைக்காரர் சொன்னாலும் பழையதைப் புதியதன் மேல் வைத்து ஓரங்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

முழுக் கட்டை வாங்குவதா, ரப்பர் மட்டும் மாற்றும் வகைக்குப் போவதா?

ஆரம்ப விலை ரோடு பைக்குகளில் பெரும்பாலும் ஒரே வார்ப்புக் கட்டைதான் வரும். அது தேய்ந்ததும் இன்னொரு வார்ப்புக் கட்டை வாங்குவதைவிட, கூடு உள்ள வகைக்கு ஒருமுறை செலவு செய்துவிடலாம். அடுத்த முறையிலிருந்து ரப்பருக்கு மட்டும்தான் காசு. கூடு வளையாமல் உறுதியாக நிற்பதால் லிவரை அழுத்தும்போது பஞ்சு மாதிரி அமுங்குவதும் குறையும்.

ஷிமானோ கூட்டுக்கு வரும் ரப்பரின் எண் ஆர்55சி4. அதே அளவில் கூல்-ஸ்டாப், ஸ்விஸ்-ஸ்டாப் போன்ற பல நிறுவனங்கள் தருகின்றன. ஸ்ராம் கூட்டுக்கும் அதே அளவு சேரும். கம்பாக்னோலோவின் வடிவம் வேறு, அதற்கென்று கேட்டு வாங்க வேண்டும். எம்டிபியில் (மலைப் பாதைக்கான சைக்கிள்) வரும் வி-பிரேக் கட்டையை ரோடு கேலிப்பரில் மாட்ட முடியாது. அது நீளம், அதன் தண்டும் வேறு மாதிரி.

கறுப்பு, ஆரஞ்சு, இரண்டும் கலந்தது என்று வருகிறதே, எது நல்லது?

கூல்-ஸ்டாப்பின் சால்மன் நிறக் கட்டைக்கு ஈரத்தில் பிடிப்பதில் நல்ல பெயர். கறுப்பு பொதுவாகக் காய்ந்த சாலைக்கு. இரண்டும் கலந்ததும் கிடைக்கிறது. இறுகிய கறுப்பு ரப்பர் நீண்ட நாள் வரும். ஆனால் மழையும் மணலும் சேர்ந்தால் ரிம்மிலிருந்து அலுமினியத் துகளைக் கிள்ளி எடுத்துத் தன் முகத்தில் பதித்துக்கொள்ளும். பிறகு அந்தத் துகளே ரிம்மைக் கீறத் தொடங்கும். ரிம் வெள்ளிக் கோடுகளாகக் கீறிப் போயிருந்தால் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மினுக் மினுக் என்று தெரியும். ஊசி முனையால் அவற்றைத் தோண்டி எடுத்துவிட்டு முகத்தை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் கட்டை மீண்டும் உபயோகப்படும்.

வடகிழக்குப் பருவமழையிலும் ஓட்டுகிற ஆள் என்றால் என் தேர்வு ஈரத்துக்கான மென்மையான ரப்பர். சீக்கிரம் தேயும்தான். ஆனால் கட்டை மலிவு, சக்கரம் விலை அதிகம்.

கார்பன் ரிம்முக்கு அதே கட்டையைப் போடலாமா?

கூடாது. கார்பன் ரிம் சூட்டை வெளியே தள்ளுவதில் அலுமினியத்தின் அருகில்கூட வராது. சாதாரண ரப்பர் உண்டாக்கும் சூட்டில் கார்பன் இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசின் இளகி, ரிம்மின் ஓரம் உப்பிவிடக்கூடும். சக்கரம் செய்த நிறுவனம் எந்தக் கட்டையைச் சொல்கிறதோ அதையே போடுங்கள். வேறு போட்டால் வாரண்டியும் போகலாம். ஸ்விஸ்-ஸ்டாப்பின் பிளாக் பிரின்ஸ் போன்றவை கார்பனுக்கென்றே செய்யப்பட்டவை.

இன்னொன்று: வார நாளில் அலுமினியச் சக்கரம், பந்தயத்துக்கு கார்பன் சக்கரம் என்று மாற்றுகிறவர்கள் கட்டையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அலுமினியத் துகள் ஏறிய கட்டையை கார்பனில் வைத்தால் உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். சக்கரங்களின் அகலம் வேறுபட்டால் ஒயரையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ரிம் பிரேக் கட்டையை நானே மாட்டுவது எப்படி?

2 மி.மீ., 4 மி.மீ., 5 மி.மீ. ஆலன் கீ, ஒரு சுத்தமான துணி, கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஒரு பழைய விசிட்டிங் கார்டு. இவ்வளவு போதும்.

முதலில் சக்கரம் ஃபிரேமில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலைத் தளர்த்தி, பைக்கைத் தரையில் நிறுத்தி அழுத்தி, மறுபடி இறுக்குங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்மில் கோட்டம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் கட்டைக்கு வர வேண்டும். வளைந்த ரிம்முக்கு எந்தக் கட்டையை வைத்தாலும் ஒரு பக்கம் உரசும். அப்புறம் ரிம்மின் இரு பக்கத்தையும் ஆல்கஹாலில் துடையுங்கள். துணி கறுப்பாக வரும். அது வெள்ளையாக வரும்வரை துடைக்கலாம்.

கேலிப்பரில் உள்ள சின்ன லிவரைத் திறந்தால் அதன் இரு கைகளும் விரியும். ரப்பர் மட்டும் மாற்றும் வகையில், கூட்டின் பக்கத்தில் குட்டி ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதைத் தளர்த்திவிட்டுப் பழைய ரப்பரைப் பின்பக்கமாக இழுங்கள். வருடக்கணக்கில் இருந்தது லேசில் வராது, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். பின் பிரேக்கில் ஃபிரேம் குழாய் இடிக்கும் என்பதால் கூட்டையே கழற்றி மேசைமேல் வைத்து மாற்றுவது சுலபம். புது ரப்பர் இறுக்கமாக இருந்தால் ஆல்கஹாலை ஒரு சொட்டுத் தடவித் தள்ளுங்கள். எண்ணெய் மட்டும் வேண்டாம்.

இப்போது வருவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். மூடிய முனை பைக்கின் முன்பக்கம் பார்க்க வேண்டும், திறந்த முனை பின்பக்கம். முன் பிரேக்கானாலும் பின் பிரேக்கானாலும் இதேதான். கேலிப்பர் இருக்கும் இடத்தில் ரிம் முன்னோக்கி ஓடுகிறது, பிரேக் பிடித்தால் ரப்பரையும் தன்னோடு முன்னே இழுக்கும். மூடிய சுவர் அந்த இழுப்பைத் தாங்கும். திருப்பி மாட்டினால் தாங்குவதற்கு அந்தக் குட்டி ஸ்க்ரூ மட்டும்தான். வேகமான இறக்கத்தில் அது விட்டுக்கொடுத்தால் ரப்பர் பறந்துவிடும், மிஞ்சுவது வெறும் கூடு. கட்டையில் இடது, வலது என்றோ அம்புக்குறியோ இருக்கும். அம்பு முன்னே பார்க்க வேண்டும். குட்டி ஸ்க்ரூவைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். மெதுவாக இறுக்கினால் போதும், முரட்டுத்தனம் காட்டினால் மரை போய்விடும்.

அடுத்தது கட்டை ரிம்மில் எங்கே படுகிறது என்பது. ரிம்மின் மேல் ஓரத்திலிருந்து சுமார் 1 மி.மீ. கீழே கட்டையின் மேல் விளிம்பு நிற்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் டயரின் பக்கவாட்டை அறுக்கும். ஒருநாள் திடீரென்று டயர் வெடித்த பிறகுதான் காரணம் தெரியவரும். மிகவும் இறங்கினால் கட்டையின் கீழ்ப்பகுதி ரிம்மில் படாமல் தொங்கி, நாளடைவில் அங்கே ஒரு உதடு உருவாகும். கட்டையின் வளைவும் ரிம்மின் வளைவும் ஒன்றாகப் போக வேண்டும்.

லிவரை ஒருவர் பிடித்துக்கொண்டால் வேலை சுலபம். ஆள் இல்லையென்றால் பழைய டியூபிலிருந்து வெட்டிய வளையத்தால் லிவரைக் கைப்பிடியோடு கட்டிவிடுங்கள். போல்ட்டை இறுக்கும்போது கட்டையும் சேர்ந்து சுழலப் பார்க்கும். அதை விரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். ஷிமானோ சொல்லும் அளவு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் கருவி) இல்லாதவர்கள் ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் போல்ட்டில் வைத்து, நீண்ட பக்கத்தை ஒரு கையால் திடமாக இறுக்கலாம். மேலே ஏறி மிதிக்க வேண்டாம்.

புதுக் கட்டை தடிமனாக இருப்பதால் ஒயரின் இறுக்கம் அதிகமாகிவிடும். கேலிப்பரில் உள்ள திருகியை முழுக்க உள்ளே திருப்புங்கள். அப்படியும் கட்டை ரிம்மை உரசினால் ஒயர் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். ரிம்முக்கும் கட்டைக்கும் இருபுறமும் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. இடைவெளி போதும். ஒரு பக்கம் மட்டும் நெருங்கியிருந்தால் கேலிப்பரில் உள்ள சின்ன ஸ்க்ரூவால் நடுவுக்குக் கொண்டுவரலாம். கடைசியில் விரித்த சின்ன லிவரை மூடுங்கள். இதை மறந்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறைய.

விசிட்டிங் கார்டு எதற்கு?

கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொட வேண்டும், பின்முனை அரை மி.மீ. அளவு விலகி இருக்க வேண்டும். சத்தத்தைக் குறைக்க இது ஒன்றுதான் பெரிய வழி. கார்டை மடித்துக் கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே செருகி, லிவரை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை இறுக்கினால் அந்தச் சாய்வு தானாக அமைந்துவிடும். இதற்குக் கட்டையின் தண்டில் குழிவும் குவிவுமான வாஷர்கள் இருக்க வேண்டும். மலிவான கட்டைகளில் இவை இருக்காது. அப்போது சாய்வு கிடைக்காது, மென்மையான ரப்பர் வாங்குவதுதான் அடுத்த வழி.

எல்லாம் சரியாகச் செய்தும் 'கீச்' என்று கத்துகிறதே?

முதல் சந்தேகம் அழுக்கு. ரிம்மையும் கட்டையையும் மறுபடி துடையுங்கள். அடுத்து கேலிப்பரின் நடு போல்ட் ஆடுகிறதா என்று பாருங்கள்: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் அசைத்தால் தெரியும். கட்டையின் முகம் பளபளவென்று இருந்தால் 120 எண் உப்புத்தாளில் தேய்த்து மேல் தோலை எடுத்துவிடுங்கள்.

டிஸ்க்குக்கு ரெசின் பேடா, மெட்டல் பேடா?

முதலில் டிஸ்க்கைப் படியுங்கள். ஷிமானோவின் மலிவு டிஸ்க்குகளில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேடைப் போட்டால் டிஸ்க் மளமளவென்று தேய்ந்துவிடும். இந்த எழுத்து இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரெசின்தான்.

தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால்: ரெசின் சத்தமில்லாதது, தொட்டவுடன் பிடிக்கும், ஆனால் மழையிலும் சேற்றிலும் சீக்கிரம் கரையும். மெட்டல் நீண்ட நாள் வரும், நீண்ட இறக்கத்தின் சூட்டைத் தாங்கும், ஆனால் ஈரத்தில் ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தும். ஷிமானோவின் ரோடு கேலிப்பர்களில் எல்03ஏ ரெசின், எல்04சி மெட்டல். சென்னை, மதுரை மாதிரி சமதளத்தில் ஓட்டுகிறவருக்கு ரெசின் தாராளம். வாரம் தவறாமல் மலை ஏறி இறங்குகிறவருக்கு மெட்டல்.

டிஸ்க் பேட் மாற்றும் முறை?

பழைய பேடைக் கழற்றுவதற்கு முன்பே பிஸ்டன்களை உள்ளே தள்ளிவிடுங்கள். சக்கரத்தை எடுத்துவிட்டு, இரண்டு பேடுக்கும் நடுவில் பிளாஸ்டிக் டயர் லிவரைச் செருகி மெதுவாக விரித்தால் பிஸ்டன் பின்வாங்கும். பழைய பேடின் முகம் கீறினால் நமக்குக் கவலையில்லை. இதையே பேடைக் கழற்றிய பிறகு திருப்புளியால் செய்யப் போய் பிஸ்டனை உடைத்துக்கொள்கிறார்கள். சக்கரம் இல்லாதபோது லிவரை அழுத்தவே கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

பேடைப் பிடித்திருக்கும் ஊசியையோ ஸ்க்ரூவையோ கழற்றினால் இரண்டு பேடும் நடுவில் உள்ள ஸ்ப்ரிங்கும் சேர்ந்தே வெளியே வரும். இடது வலது எழுத்தைப் பார்த்துப் புதியதை அதே மாதிரி அடுக்கி, ஸ்ப்ரிங்கின் காதுகள் உராயும் பகுதிக்கு மேலே வராமல் பார்த்துச் செருகுங்கள். பேடின் முகத்தையும் டிஸ்க்கையும் விரலால் தொடாதீர்கள். ஸ்க்ரூவில் வரும் சின்ன கிளிப்பைத் தூக்கிப் போடாதீர்கள், அது ஸ்க்ரூ கழன்று விழாமல் காக்கும் இரண்டாவது பூட்டு.

சக்கரத்தை மாட்டி, லிவர் கெட்டியாகும்வரை சில முறை அழுத்துங்கள். டிஸ்க் ஒரு பக்கம் உரசினால் கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஷிமானோவுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

டிஸ்க்கின் தடிமனையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும்.

ஒயரில் இயங்கும் டிஸ்க் பிரேக்குக்கும் இதேதானா?

பேட் மாற்றும் முறை இதேதான், சரிசெய்யும் முறை வேறு. இந்த வகையில் பெரும்பாலும் வெளிப்பக்க பேட் மட்டும் நகரும், அது டிஸ்க்கை வளைத்து உள்பக்க பேடின் மேல் அழுத்தும். தேய்மானத்தைத் தானாக ஈடுகட்டும் வசதி கிடையாது. தேயத் தேய உள்பக்கத் திருகியைத் திருப்பி அந்த பேடை டிஸ்க்குக்கு அருகில் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் ஒயரை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் லிவர் நன்றாக இருப்பது மாதிரித் தோன்றும், ஆனால் உள்ளே தள்ளும் கை தன் ஓட்டத்தின் எல்லையில் நிற்கும். அதற்கு மேல் அழுத்தம் வராது.

புது பேட் போட்ட பிறகு பிரேக் முன்பைவிட மோசமாக இருக்கிறதே?

பயப்பட வேண்டாம், இன்னும் படியவில்லை. பேடின் ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கில் ஒட்டிய பிறகுதான் பிடிப்பு வரும். காலியான சாலையில் 20–25 கி.மீ. வேகத்துக்குப் போய், நடை வேகத்துக்கு வரும்வரை ஒரே சீராக அழுத்துங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளவோ முழுக்க நிற்கவோ விடாதீர்கள், நின்ற இடத்தில் படலம் திட்டாக ஒட்டிக்கொண்டு பிறகு அதிரும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பதினைந்து இருபது முறை செய்தால், பாதியிலேயே கை வித்தியாசத்தை உணரும். முடித்தவுடன் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், தோல் ஒட்டிக்கொள்ளும் சூடு.

செயினுக்கு அடித்த ஸ்பிரே டிஸ்க்கில் பட்டுவிட்டது. பேடைச் சுட்டால் சரியாகும் என்கிறார்களே?

டிஸ்க்கை ஆல்கஹாலில் துடைத்துக் காப்பாற்றலாம். லேசாகப் பட்ட பேடை உப்புத்தாளில் தேய்த்து முயன்று பார்க்கலாம், தூசியை மட்டும் மூச்சில் இழுக்காதீர்கள். நன்றாக ஊறிவிட்ட பேடை அடுப்பில் வாட்டுவது, எரிப்பது எல்லாம் நேர விரயம். இரண்டு நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் பழையபடி ஆகும். வேறு எதையும் விட்டுக்கொடுங்கள், பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். தூக்கிப் போடுங்கள். ஸ்பிரேக்குப் பதிலாக சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெய்க்கு மாறினால் இந்தத் தொல்லையே வராது.

கொல்லிமலை, கல்லட்டி மாதிரி இறக்கங்களுக்குத் தனியாக ஏதாவது வேண்டுமா?

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டியில் 36. முந்தின நாள் இரவு புதுக் கட்டையை மாட்டிக்கொண்டு இங்கே போகாதீர்கள். ஊருக்குள் சில நாள் ஓட்டிப் பழகிய பிறகு போங்கள், போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். இறங்கும்போது இலேசாக உரசவிட்டுக்கொண்டே வருவதுதான் சூட்டை ஏற்றும். வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் கொன்றுவிட்டு, பிறகு முழுக்க விட்டுவிடுங்கள். காற்று ஆற்றிவிடும். நம் ஊர் பைக்குகளில் பொதுவாக வலது லிவர் முன் பிரேக். வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் பைக் என்றால் மாறியிருக்கலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஆனால் ஒரு சக்கரத்தின் இடது வலது இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் கேலிப்பர் நடுவில் இல்லை, அல்லது ஒரு பிஸ்டன் சிக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் போடும் புதிய ஜோடியும் அதே கதிக்குத்தான் போகும்.

கட்டை புதுசு, ஆனால் ரிம்மே தேய்ந்திருந்தால்?

பல அலுமினிய ரிம்களில் பிரேக் படும் இடத்தில் ஒரு மெல்லிய கோடோ சின்னக் குழியோ இருக்கும். அது மறைந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. அந்த அடையாளம் இல்லாத ரிம்மில் ஒரு ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை நிறுத்திப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரியும் அளவுக்குக் குழிந்திருந்தால் இனி அதில் கட்டை மாற்றிப் பயனில்லை. மெலிந்த சுவர் டயரின் காற்றழுத்தத்தில் பிளந்துகொள்ளும்.

கடையில் கொடுத்து மாற்றினேன். வாங்கிக்கொள்ளும்போது எதைப் பார்ப்பது?

திறந்த முனை பின்பக்கம் இருக்கிறதா, டயரைக் கட்டை தொடுகிறதா, கேலிப்பரின் சின்ன லிவர் மூடியிருக்கிறதா. பிறகு நின்ற இடத்திலேயே இரண்டு லிவரையும் முழு பலத்தோடு பல முறை அழுத்துங்கள். ஒயர் நழுவுவதென்றால் அங்கேயே நழுவட்டும். பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்தபடி முன் பிரேக்கைப் பிடித்தால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்தால் பின் சக்கரம் பூட்டி இழுபட வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கவில்லையென்றாலும் பைக்கை அங்கேயே நிறுத்தி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.